ஒரு நாள் சிகிச்சை, மூன்று வருடக் காத்திருப்பு

"மூளை" என்ற சொல்லும் "கதிர்வீச்சு" என்ற சொல்லும் ஒரே கடிதத்தில் வந்தால் எங்கள் தமிழ் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மா அழத் தொடங்குவார். அப்பா கடிதத்தை மடித்து அலமாரிக்குள் வைப்பார். அம்மம்மா, "பிள்ளைக்குப் புற்றுநோயோ?" என்று கேட்பா. அந்த வீட்டில் ஆங்கிலக் கடிதத்தை ஒழுங்காக வாசித்து விளங்கக்கூடியவர் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைதான். சிலவேளை நோயும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

அதனால்தான் தம்பி தங்கைமாரே, இந்த முறை உங்கள் பக்கத்தில் இந்த விடயத்தை எழுதுகிறோம். நாங்கள் இங்கிலாந்தில் சிறுவர் நரம்பியல் பிரிவில் வேலை செய்யும் தாதிமார். பிள்ளைகளின் மூளையில் இரத்தக்குழாய்கள் சிக்குப்பட்டுப் போகும் ஒரு நோயையும், அதற்குக் கத்தி வைக்காமல் செய்யும் ஒரு சிகிச்சையையும் பற்றிப் பேசப்போகிறோம். வாசித்து முடித்தபின் வீட்டிலும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

பாத்திக்குப் போகாத தண்ணீர்

இந்த நோயை வைத்தியர்கள் சுருக்கமாக ஏ.வி.எம். என்பார்கள். இது புற்றுநோய் அல்ல. இரத்தக்குழாய்கள் உருவான விதத்தில் உள்ள ஒரு பிழை.

இருதயத்திலிருந்து இரத்தத்தை அழுத்தத்தோடு கொண்டுவருவது நாடி. திரும்பக் கொண்டுபோவது நாளம். இரண்டுக்கும் நடுவில் மிக மெல்லிய மயிர்த்துளைக் குழாய்கள் வலைபோல இருக்கும். அங்கேதான் இரத்தத்தின் வேகம் குறையும், ஒட்சிசன் மூளைக்குள் இறங்கும்.

யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த அப்பப்பாவோ அம்மப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். இறைப்பு மெசினால் வரும் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, பாத்தி பாத்தியாகப் பிரிந்து, ஆறுதலாக ஊறும். பாத்திகளே இல்லாமல் அந்தத் தண்ணீர் முழு வேகத்தோடு ஒரு மெல்லிய வரம்பில் போய் மோதினால் வரம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஏ.வி.எம். இல் நடப்பது அதுதான். நடுவில் இருக்கவேண்டிய மயிர்த்துளைக் குழாய்கள் இல்லை. நாடி நேரே நாளத்தோடு இணைந்துவிடுகிறது. நாளத்தின் சுவர் மெல்லியது, அந்த அழுத்தத்துக்காகப் படைக்கப்பட்டதல்ல. குழாய்கள் சிக்குப்பட்டிருக்கும் அந்த இடத்தை வைத்தியர்கள் இலத்தீனில் "கூடு" என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். நாங்களும் இங்கே கூடு என்றே சொல்வோம்.

இது அரிதான நோய். ஒரு வருடத்தில் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. சிலருக்கு வலிப்பு வந்து தெரியவரும். சிலருக்கு வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கானில் தெரியவரும். ஆனால் பிள்ளைகளில் அதிகமாக, மூளைக்குள் இரத்தம் கசிந்த பிறகே தெரியவருகிறது.

அந்தக் கசிவின் அடையாளங்களை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முன்னொருபோதும் இல்லாத தலையிடி திடீரென்று வருவது, அதோடு சத்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது, நித்திரை போல மயங்கிப்போவது. உங்களுக்கு வரும் தலையிடிகளில் மிகப் பெரும்பாலானவை இதுவல்ல, அதற்காகப் பயப்படவேண்டாம். ஆனால் மேலே சொன்ன மாதிரித் திடீரென்று வந்தால், பனடோல் கொடுத்துப் படுக்கவைத்து "விடியப் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது. உடனே 999.

ஏன் சும்மா விடமுடியாது?

ஏ.வி.எம். உள்ள ஒருவருக்கு ஒரு வருடத்தில் இரத்தம் கசியும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் 2 முதல் 4 வரை. ஏற்கெனவே ஒருமுறை கசிந்திருந்தால், அதற்கு அடுத்த வருடத்தில் இது இன்னும் கூட. கேட்கச் சிறிய எண்தான். எழுபது வயதுப் பாட்டாவுக்கு அப்படியே விட்டுவிடலாம் என்று வைத்தியர் சொல்லவும் கூடும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் இன்னும் அறுபது, எழுபது வருடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வருடத்தின் சிறிய ஆபத்தும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பிள்ளைகளில் பெரும்பாலும் ஏதாவது செய்யவே வைத்தியர்கள் விரும்புகிறார்கள்.

செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, தலையைத் திறந்து கூட்டை வெட்டி எடுப்பது. கை எட்டும் இடத்தில், பேச்சு, பார்வை, கை கால் அசைவு போன்றவற்றை ஆளும் பகுதிகளுக்குத் தள்ளி இருந்தால் இது நல்ல வழி. வெட்டி எடுத்த அன்றே ஆபத்து நீங்கும். இரண்டாவது, இடுப்பு மடிப்பிலுள்ள நாடியினூடாக மெல்லிய குழாயை மூளை வரை அனுப்பி, பசை போன்ற மருந்தால் குழாய்களை அடைப்பது. இதைத் தனியாகவோ மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்தோ செய்வார்கள். மூன்றாவதுதான் கதிர்வீச்சுச் சத்திரசிகிச்சை. கூடு சிறிதாக, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றருக்குள், ஆனால் கத்தி போகக்கூடாத ஆழமான இடத்தில் இருந்தால் இதைத் தெரிவு செய்வார்கள்.

எது சரி என்பதை ஒரு வைத்தியர் தனியே முடிவு செய்வதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர், இரத்தக்குழாய்ப் படங்களின் நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் எல்லோரும் ஒன்றாக இருந்து படங்களைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். கடிதம் வரத் தாமதமானால் உங்கள் பிள்ளையை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். தொலைபேசியில் கேளுங்கள்.

ஸ்டொக்ஹோமில் தொடங்கிய வேலை

தலையைத் திறக்காமல் மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை மட்டும் தொடமுடியுமா என்று யோசித்தவர் சுவீடன் நாட்டு மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல். 1951 இல் அவர் இந்த முறைக்குக் கதிர்வீச்சுச் சத்திரசிகிச்சை என்று பெயர் வைத்தார். பௌதிகவியலாளர் பூர்யே லார்சனோடு சேர்ந்து உழைத்து, 1968 இல் ஸ்டொக்ஹோமில் முதலாவது காமா நைஃப் இயந்திரத்தை இயக்கினார். காமா நைஃப் என்றால் காமாக் கத்தி. பெயரில்தான் கத்தி, உள்ளே கத்தி எதுவும் இல்லை. 1970 இல் அதே நகரில் லடிஸ்லாவ் ஸ்டெய்னர் என்ற வைத்தியரும் அவரோடிருந்தவர்களும் முதன்முதலாக ஏ.வி.எம். நோயாளி ஒருவருக்கு இதைச் செய்தார்கள்.

பிரித்தானியாவுக்கு இது 1985 இல் வந்தது. ஷெஃபீல்ட் நகரின் றோயல் ஹலம்ஷயர் வைத்தியசாலையில் முதலாவது இயந்திரம் நிறுவப்பட்டது. பிறகு லண்டனிலும் வந்தது. ஆகவே "ஷெஃபீல்டுக்கு அனுப்புகிறோம்" என்று கடிதம் வந்தால், கைவிட்டுத் தூரத்துக்கு அனுப்புகிறார்கள் என்று எண்ணாதீர்கள். இந்த நாட்டில் இந்த வேலையை அதிக காலமாகச் செய்துவரும் இடம் அதுதான்.

இயந்திரம் வேலை செய்யும் விதம் இலகுவானது. நவீன காமா நைஃபில் கோபால்ட்-60 என்ற கதிர்வீசும் உலோகம் 192 இடங்களில் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய கதிர் வெவ்வேறு பக்கத்திலிருந்து தலைக்குள் வரும். தனித்தனியே அவை பலம் குறைந்தவை, வரும் வழியிலுள்ள மூளைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யா. எல்லாம் வந்து சந்திக்கும் இடத்தில்தான் பலம். சபையில் 192 பேர் ஆளுக்கு ஒரு பவுண் காணிக்கை போட்டால் யாருடைய பையும் காலியாவதில்லை, ஆனால் தட்டில் 192 பவுண் சேர்ந்துவிடும். அந்தத் தட்டு இருக்கும் இடம்தான் கூடு.

அந்த ஒரு நாள்

கதிர்கள் சந்திக்கும் புள்ளி மில்லிமீற்றர் கணக்கில் சரியாக இருக்கவேண்டும். அதற்குத் தலை அசையக்கூடாது. ஆகவே காலையில் தலையைச் சுற்றி ஓர் உலோகச் சட்டத்தைப் பூட்டுவார்கள். நான்கு சிறிய ஊசி முனைகள் அதைப் பிடித்திருக்கும். பிள்ளைகள் அதிகம் பயப்படுவது கதிர்வீச்சுக்கு அல்ல, இந்தச் சட்டத்துக்குத்தான். வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த நான்கு இடங்களையும் விறைக்கச் செய்தபின் பூட்டுவார்கள். விறைப்பூசி போடும்போது கடுக்கும், பிறகு இறுக்கமாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு முழு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். தலைமயிரை வழிப்பது பொதுவாகத் தேவையில்லை.

சட்டம் பூட்டியபின் எம்.ஆர்.ஐ. ஸ்கானும், இரத்தக்குழாய்களுக்குள் சாயம் விட்டு எடுக்கும் அஞ்சியோகிராம் படமும் எடுப்பார்கள். அந்தப் படங்களை வைத்து வைத்தியரும் பௌதிகவியலாளரும் திட்டம் போடுவார்கள். பிறகு பிள்ளை கட்டிலில் படுக்க, இயந்திரம் வேலையைச் செய்யும். கூட்டின் அளவைப் பொறுத்து நேரம் மாறும். கோபால்ட் பழசாகப் பழசாகவும் நேரம் கூடும், ஏனெனில் அதன் பலம் ஏறத்தாழ ஐந்தேகால் வருடத்தில் பாதியாகிவிடும். சிகிச்சை நடக்கும்போது நோவு கிடையாது, சூடும் தெரியாது. முடிந்ததும் சட்டத்தைக் கழற்றிவிடுவார்கள். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம்.

பிள்ளையின் உடலில் கதிர்வீச்சு எதுவும் மிஞ்சுவதில்லை. தம்பி தங்கையைத் தூக்கலாம், அம்மாவோடு படுக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம். இதைப் பல பெற்றோர் எங்களிடம் மெதுவாகத்தான் கேட்பார்கள். சத்தமாகவே கேளுங்கள், அது நல்ல கேள்வி.

உண்மையான சிகிச்சை அதன் பிறகுதான்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளையின் தலைக்குள் அந்தக் கூடு அப்படியேதான் இருக்கிறது.

கதிர்கள் அதை எரித்துவிடுவதில்லை. குழாய்களின் உட்சுவரைக் காயப்படுத்துகின்றன. அந்தக் காயத்துக்குப் பதிலாகச் சுவர் உள்ளுக்குள் மெல்ல மெல்லத் தடிக்கிறது. துவாரம் ஒடுங்குகிறது. கடைசியில் அடைபடுகிறது. இதற்கு இரண்டு, மூன்று வருடங்கள் பிடிக்கும், சிலருக்கு நான்கும் ஆகலாம். சிறிய கூடுகளில் பத்தில் ஏழு, எட்டு இப்படி முழுமையாக மூடிவிடுகின்றன. ஆனால் முழுமையாக மூடும்வரை இரத்தம் கசியும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கும்.

இடையில் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் நடுவில், சிகிச்சை செய்த இடத்தைச் சுற்றி வீக்கம் வரலாம். பலருக்கு அது ஸ்கானில் மட்டுமே தெரியும். சிலருக்குத் தலையிடி, வலிப்பு, கை கால் பலவீனம் வரும். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இறங்கும். மிகச் சிலருக்கு நிரந்தரப் பாதிப்பு மிஞ்சுவதும் உண்டு. அதை மறைத்து எழுதுவது சரியல்ல.

இங்கேதான் எங்கள் குடும்பங்கள் தவறவிடுகின்றன. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. பிள்ளை ஓடி விளையாடுகிறான், பரீட்சை எழுதுகிறான். "சுகமாகிவிட்டது, இனி ஏன் ஸ்கான்?" என்று வீடு நினைக்கிறது. வீடு மாறுகிறோம், பழைய முகவரிக்குக் கடிதம் போகிறது. கர்த்தர் சுகம் தந்தார் என்று நம்புவதால், ஸ்கானுக்குப் போவது அவிசுவாசம் என்று நினைப்பவர்களும் உண்டு. சுகம் வந்திருந்தால் ஸ்கான் அதைக் காட்டும். ஸ்கான் எடுப்பதால் எந்த ஜெபமும் வீணாகாது.

இன்னொரு பொறியும் உண்டு. பதினைந்து வயதில் சிகிச்சை பெற்ற பிள்ளைக்குக் கடைசி அஞ்சியோகிராம் வரும்போது வயது பதினெட்டு. சரியாக அந்த நேரத்தில்தான் சிறுவர் வைத்தியசாலையிலிருந்து பெரியவர்களின் வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். அதே வருடம் பல்கலைக்கழகம், புது நகரம், புது ஜி.பி. பழைய தாதிமாரும் அங்கே இருக்கமாட்டார்கள். அதுவரை எல்லாவற்றையும் அம்மாதான் பார்த்தார். பதினெட்டுக்குப் பிறகு கடிதம் உங்கள் பெயருக்கு வரும். அந்தக் கடைசிப் படம் எடுக்காமல் கூடு மூடிவிட்டதா என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. மூடாவிட்டால் இரண்டாம் முறை கதிர்வீச்சு, அல்லது வேறு வழிகள் உண்டு. மூடியபின்பும் பிள்ளைகளில் அரிதாகத் திரும்ப வருவது உண்டு. ஆகவே அடுத்த படம் எப்போது என்று கேட்காமல் அறையை விட்டு எழும்பாதீர்கள்.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

இந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா? ஷெஃபீல்டில் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 5000 பேரின் விபரங்களை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டு 2007 இல் ஓர் ஆய்வு வந்தது. மற்றவர்களை விட அவர்களுக்கு மூளைப் புற்றுநோய் கூடியதாக அதில் காணப்படவில்லை. மிக அரிதாக ஏற்பட்ட சம்பவங்கள் உலகில் பதிவாகியுள்ளன. பிள்ளைகள் நீண்ட காலம் வாழப்போகிறவர்கள் என்பதால் அவர்களை நீண்ட காலம் கவனிக்கிறார்கள். கசிவின் ஆபத்தோடு வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிது.

யாருடைய பிழை? கர்ப்பமாக இருந்தபோது நான் என்ன சாப்பிட்டேன், எங்கள் பரம்பரையில் யாருக்கு இருந்தது என்று தாய்மார் தங்களையே வருத்திக்கொள்கிறார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் இந்தக் கேள்விதான். அவர் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏ.வி.எம். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரின் கூட்டுக் குழாய்களில் கே-ராஸ் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மாற்றம் அந்தக் குழாய்களில்தான் இருந்தது, அவர்களின் இரத்தத்தில் இல்லை. அதாவது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. பெரும்பாலான ஏ.வி.எம். பரம்பரையாக வருவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. குடும்பத்தில் பலருக்கு அடிக்கடி மூக்கால் இரத்தம் வடியும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. அப்படி இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கலியாணம்? இதுதான் யாரும் வாய்திறந்து கேட்காத கேள்வி. பெண் பிள்ளை என்றால் "சனத்துக்குத் தெரியவேண்டாம்" என்று மூடிவைக்கிறார்கள். விளைவு என்ன? ஞாயிறு பாடசாலை ஆசிரியைக்குத் தெரியாது, வாலிபர் முகாமுக்குக் கூட்டிப்போகும் அண்ணாவுக்குத் தெரியாது. முகாமில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அம்புலன்ஸ்காரருக்கு என்ன சொல்வது? ஊருக்கே சொல்லவேண்டாம். பிள்ளையைப் பொறுப்பெடுக்கும் இரண்டு பேருக்காவது சொல்லுங்கள். குழந்தை பெறலாமா, வாகனம் ஓட்டலாமா, டி.வி.எல்.ஏ.வுக்கு அறிவிக்கவேண்டுமா என்பவற்றை உங்களைப் பார்க்கும் குழுவிடமே கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் பதில் வேறு.

நீங்கள் செய்யக்கூடியவை

வைத்தியரின் அறையில் அம்மா அப்பாவுக்கு நீங்களே மொழிபெயர்க்க வேண்டியதில்லை. உங்கள் சொந்த நோயைப் பற்றி என்றால் கண்டிப்பாகக் கூடாது. முன்கூட்டியே சொன்னால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலை இலவசமாக ஒழுங்கு செய்யும்.

உங்கள் வாலிபர் கூட்டத்தில் இந்தக் காத்திருப்பில் ஒரு பிள்ளை இருந்தால், கண்ணாடிப் பொருள்போல நடத்தவேண்டாம். என்ன விளையாடலாம் என்று வைத்தியர் அவனுக்குச் சொல்லியிருப்பார், அவனிடமே கேளுங்கள். அவனுடைய ஸ்கான் படத்தையோ பெயரையோ அவன் சம்மதமில்லாமல் வட்ஸ்அப் ஜெபக்குழுவில் போடாதீர்கள். மூன்று வருடம் நீண்ட காலம். முதல் மாதம் எல்லோரும் விசாரிப்பார்கள், இரண்டாம் வருடம் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இரண்டாம் வருடத்தில் ஸ்கானுக்குப் போகும் நாளில் கூடப்போய் வெளியே இருக்கும் ஒரு நண்பன் பெரிய உதவி.

காத்திருப்பது நீங்களே என்றால், இன்றைக்கே உங்கள் தொலைபேசியில் நான்கு விடயங்களை எழுதிவையுங்கள்: நோயின் பெயர், சிகிச்சை பெற்ற திகதியும் வைத்தியசாலையும், உங்கள் வைத்தியசாலை இலக்கம், அடுத்த படம் எடுக்கவேண்டிய மாதம். அம்மாவிடம் இருக்கும் கோப்பில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். முகவரி மாறினால் முதலில் வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள், பிறகு நண்பர்களுக்குச் சொல்லலாம்.